நாகஜோதியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை

எங்கள் கேட்டடியில் ஒருவரைப் பற்றி நாலு பேர் ஒரே மாதிரி நல்லதாகப் பேசினால் அதற்கு இரண்டு காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, அந்த ஆள் செத்துப்போயிருக்க வேண்டும். இல்லையென்றால் வார்டு தேர்தலில் ஜெயித்திருக்க வேண்டும். தேடுதல் நிலையத்துக்குப் பொம்மை வந்த பிறகு மூன்றாவதாக ஒரு காரணமும் சேர்ந்துகொண்டது. ஆள் மலையில் தொலைந்துபோயிருக்க வேண்டும்.

கேட்டடி ஒன்றும் பெரிய ஊரில்லை. கருங்குளவி மலை தேசியப் பூங்காவின் கேட்டுக்குக் கீழே மூன்று வரிசை வீடுகள், ஒரு டீக்கடை, தேடுதல் நிலையம், என் மாவுக்கடை. மலை ஏற வருகிறவர்களை நம்பித்தான் ஊர் பிழைக்கிறது. ஏறுகிறவர்களில் சிலருக்கு இறங்கத் தெரியாது. அவர்களைத் தேடித் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் எங்கள் ஆட்கள்தான். அந்தத் திமிர் எங்களுக்குக் கொஞ்சம் உண்டு. "எங்க ஊரு இதுவரைக்கும் ஒரு உசிரைக்கூட மலைக்கு விட்டுக்கொடுத்ததில்ல" என்று கீழே இருக்கிற எந்த ஊர்க்காரனாவது சொல்ல முடியுமா? "அவங்களுக்கு மலையே கெடையாதே" என்பார் என் வீட்டுக்காரர். அவர் பேச்சை விடுங்கள்.

சாயங்காலமானால் எல்லா வீட்டுத் தூக்குவாளியும் என் கடைக்கு வரும். வாளியோடு வருகிறவர்கள் வாயையும் கொண்டுவருவார்கள். விஜயராணி மாவில் அரிசி மூன்று பங்கு, உளுந்து ஒரு பங்கு, ஊர்வம்பு நாலு பங்கு என்று டீக்கடை அமலதாஸ் சொல்லித் திரிகிறார். இட்லி பூப்போல இருக்கிறது என்பதையும் அவர்தான் சொல்கிறார். எதனால் என்று அவரே யோசித்துக்கொள்ளட்டும்.

நாகஜோதி என் எதிர்வீடு. ரத்த உறவு எதுவும் கிடையாது. ஆனால் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் எனக்கு மதினி, நான் அவளுக்கு மதினி. பூங்காவின் தலைமை வழிகாட்டி அவள். வெளிநாட்டுக்காரர்கள்கூட அவள் பெயரைச் சொல்லிக் கேட்டு வருவார்கள். அவளுக்குப் பின்னால் நடக்கும்போது மலையே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும் என்று ஒரு ஜப்பான்காரர் சொன்னதை அவளே எனக்கு ஏழெட்டு தடவை சொல்லியிருக்கிறாள்.

அந்த நாகஜோதிதான் தொலைந்துபோனாள்.

மழைக்காலம் முடிந்து பாதையைத் திறப்பதற்கு முன்னால், வழி சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் காலையில் தனியாக ஏறினாள். இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்பது விதி. அவள் யாரையும் சேர்த்துக்கொள்ள மாட்டாள். மதியம் மூடுபனி இறங்கியது. அவள் இறங்கவில்லை. இரவெல்லாம் தேடினார்கள். மறுநாள் காலையில் ஊரையே நிலையத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள்.

நிலையத்தின் அதிகாரி மிருதுளா. காரைக்குடிப் பெண், இங்கே வந்து ஒரு சீசன்கூட முடியவில்லை. தூங்காத கண்ணோடு எங்களிடம் விளக்கினாள்.

"பொம்மைன்னு நீங்க எல்லாரும் சொல்றீங்களே, அது ஒரு கணக்குதான். தொலைஞ்சவங்க எப்படிப்பட்டவங்கன்னு அதுக்குச் சொல்லணும். அதே குணத்தோட பத்தாயிரம் பொம்மை செஞ்சு, மலையோட வரைபடத்துல நடக்கவிடும். பொம்மை எல்லாம் களைச்சுப்போய் எங்க அதிகமா உக்காருதோ, அங்க நாம தேடுவோம்."

"வெப்பம் பாக்குற கேமரா பறக்குமே, அது என்னாச்சு?" என்று அமலதாஸ் கேட்டார்.

"இந்தப் பனியில அதுக்கும் ஒண்ணும் தெரியாதுண்ணே. ஒலிபெருக்கி வச்சுப் பேர் சொல்லிக் கூப்பிடத்தான் முடியுது. நேத்திலிருந்து கூப்பிடுறோம். பதில் இல்ல."

சுற்றுலாக்காரர் தொலைந்தால் இவ்வளவு பாடு இல்லை. அவர் போனைத் திறந்தால் போதும். ஒரு மனிதன் எதற்குப் பயப்படுகிறான், யாரிடம் பொய் சொல்கிறான் என்பதெல்லாம் பெண்டாட்டியைவிட அவன் போனுக்கு நன்றாகத் தெரியும். நாகஜோதியின் போனைத் திறந்து பார்த்தார்கள். ரோஜாப்பூ போட்ட காலை வணக்கங்கள்தான் இருந்தன. அதனால்தான் எங்கள் வாயை நம்ப வேண்டியதாயிற்று.

அங்கேதான் வந்தது வினை.

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மலைமேல் இருக்கிற ஆளைப் பற்றிக் கீழே இருந்துகொண்டு குறை பேசக் கூடாது. பேசினால் அங்கே கால் வழுக்கும். வாயால் தள்ளிவிடுவது என்று அதற்குப் பெயர். நாகஜோதி ஏறிய நாட்களில் நானேகூட அவளை விட்டுவிட்டு வேறு ஆளைப் பற்றித்தான் பேசுவேன். சும்மா ஏறியவர்களுக்கே அப்படியென்றால், தொலைந்தவளுக்குக் கேட்க வேண்டுமா?

அவள் புருஷன் செல்வகணபதி முதலில் எழுந்தார். "அவ தைரியசாலிங்க. ஆனைக்கும் அஞ்ச மாட்டா, இருட்டுக்கும் அஞ்ச மாட்டா."

அமலதாஸ் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "பொறுமைன்னா அந்தப் புள்ளகிட்டதான் கத்துக்கணும். வழி தப்புனா இருந்த எடத்துலயே உக்காரணும்னு ஊருக்கே சொல்லிக்குடுத்தவ." போன வாரம் டீ தண்ணியாக இருக்கிறது என்று நாகஜோதி கிளாஸை அவர் மேசையில் கவிழ்த்தபோது இதே அமலதாஸ் அவளை என்னவென்று சொன்னார் என்பது எனக்குத் தெரியும். எழுத முடியாது.

காமாட்சி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடக்கமான பொண்ணு. யாரு புத்தி சொன்னாலும் கேட்டுக்கும்."

இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அழுகிற மாதிரி செய்துகொண்டேன். ஆளாளுக்கு எழுந்து ஒரு மாலை போட்டார்கள். பறைதான் இல்லை, மற்றபடி ஒப்பாரியேதான்.

சுவரில் பெரிய திரை. அதில் மலை. பச்சைப் புள்ளிகளாகப் பத்தாயிரம் நாகஜோதிகள். தைரியசாலி, பொறுமைசாலி, அடக்கமானவள். எல்லோரும் வழி தவறியதும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாகக் கிழக்குப் பக்கம் சோலைக்காட்டு ஓடையோரம் போய், தண்ணீருக்குப் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்துகொண்டார்கள்.

"அந்த ஓடையத்தான் நேத்துலருந்து சலிச்சிட்டு இருக்கோம் மேடம்," என்றான் மீட்பு அணியின் தலைவன் இளம்பரிதி. தலையிலிருந்து சேறு வழிந்தது. "ஒரு காலடிகூட இல்ல."

மிருதுளா திரையைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சாயங்காலம் பெருமழைன்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் மேல யாரையும் அனுப்ப முடியாது. என்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு அணி. கிழக்கயா மேற்கயா, ஒரு பக்கம்தான் அனுப்ப முடியும். நீங்க சொன்ன மாதிரி ஒரு மனுஷி இருந்தா நானே விழுந்து கும்பிடுவேன். ஆனா தேடிக் கண்டுபிடிக்க முடியாது. நல்ல குணத்துக்குக் கால் கிடையாது. ஆளை நடக்கவைக்கிறது குறைதான்." பிறகு கேட்டாள். "அவங்களைப் பத்திக் குறை சொல்றதுக்கு இந்த ஊர்ல ஒருத்தர்கூட இல்லையா?"

கூடத்தில் இருந்த அத்தனை தலையும் திரும்பி என்னைப் பார்த்தது.

எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களோ என்று நானும் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

"மாவுக்கடை அக்கா," என்றாள் மிருதுளா. "வாங்க."

"மேல இருக்கிறவளப் பத்தி நான் எப்படி..."

"அவங்க மேலயே இருந்துடக் கூடாதுன்னுதான் கேக்குறேன்."

எழுந்து போய், பேச்சைப் பொம்மைக்குக் கொண்டுபோகிற அந்த ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்தேன். வாழ்நாளில் பேசச் சொல்லி என்னை யாரும் கெஞ்சியதில்லை.

"அவளுக்கு அட்டைன்னா பயம்," என்றேன்.

யாரோ சிரித்தார்கள். செல்வகணபதி முறைத்தார்.

"ஆமா. ஆனைக்குப் பயப்பட மாட்டா, சரிதான். அட்டைக்குச் செத்துருவா. சேலை மடிப்புல உப்புப் பொட்டலம் வச்சிருப்பா. சோலைக்குள்ள ஈரத்துல போய் உக்காருவாளாம், அதுவும் ஓடையோரத்துல. தலைய வெட்டுனாலும் போக மாட்டா. சுத்திக்கிட்டுப் போனாலும் புல்லு மேட்டுலதான் நடப்பா."

திரையில் ஓடையோரம் உட்கார்ந்திருந்த நாகஜோதிகளில் பாதிப் பேர் எழுந்துகொண்டார்கள்.

"இன்னும்," என்றாள் மிருதுளா.

"வீம்புக்காரி. ஊருக்கெல்லாம் உக்காருன்னு சொல்லுவா. தான் உக்கார மாட்டா. வழிகாட்டியே வழி தப்பிட்டான்னு நாலு பேருக்குத் தெரியுறதவிட செத்துப்போறது மேலுன்னு நெனைக்கிறவ. நீங்க பேர் சொல்லிக் கூப்பிடுறது அவ காதுல விழுந்திருந்தாலும் வாயத் தொறந்திருக்க மாட்டா. யாருக்கும் தெரியாம பின்பக்கமா வந்து, சோத்துக்கு உல வச்சுட்டு, எப்பவோ வந்துட்டேனேன்னு சொல்லத்தான் பாப்பா."

புள்ளிகள் சிதறின. கொஞ்சம் வடக்கே, கொஞ்சம் மேற்கே. கலைந்த எறும்புப் புற்று மாதிரி மலை முழுக்க நாகஜோதி.

"இது பத்தாதுக்கா. பொம்மை குழம்புது. இவ்வளவு பழகின பாதையில அவங்க எப்படி வழி தப்புனாங்க, அது தெரிஞ்சா போதும். பாதையில நடுவுல மண் சரிஞ்சிருக்கு, அதைக் காலையிலதான் பாத்தோம். ஆனா அவங்க ஏறுனப்போ நல்ல வெயில். எங்கிருந்தும் தெரியுற இரட்டைப் பாறையைப் பாத்துத் திசை பிடிச்சிருக்கலாமே?"

அவள் கேட்பது எனக்குப் புரிந்தது.

ஊரில் எனக்குத் தெரியாத விஷயம் கிடையாது, தெரிந்து நான் சொல்லாத விஷயமும் கிடையாது. ஒன்றே ஒன்றைத் தவிர. போன வருஷம் என் வீட்டுக் கொடியில் என் வீட்டுக்காரரின் மழைக்கோட்டு காய்ந்துகொண்டிருந்தது. நாகஜோதி தெருவில் நின்றபடியே அதை ஊரிலிருந்து வந்த என் சித்தப்பா என்று நினைத்து, "வாங்க சித்தப்பா, எப்ப வந்தீக? டீ சாப்பிடுறீகளா?" என்று கேட்டாள். கோட்டு ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப்போய், குலசாமி மேல் சத்தியம் வாங்கினாள். "பத்தடிக்கு மேல எல்லாமே கலங்குது மதினி. காலுக்குத் தெரியுது, கண்ணுக்குத் தெரியல. கண்ணாடி போட்டா வழிகாட்டிக் கார்டைப் பிடுங்கிருவாங்க. நீங்க வாயத் தொறந்தா நான் மலையேறுறது அன்னியோட போச்சு." நான் வாயைத் திறக்கவில்லை. எத்தனை சாயங்காலம், எத்தனை வாளி மாவு! விழுங்கி விழுங்கி வயிறே கனத்துப்போயிற்று.

"கதவைச் சாத்துங்க, சொல்றேன்," என்றேன்.

எல்லோரும் வெளியே போனார்கள். செல்வகணபதி மட்டும் நகரவில்லை. "எம்பொண்டாட்டியப் பத்தி எனக்குத் தெரியாதது ஒனக்கென்ன தெரியும்?"

"இருக்கட்டும் மேடம். அவரும் கேக்கணும்," என்றேன்.

மிருதுளா ஒலிவாங்கியைக் கையால் மூடினாள். "அக்கா, ஒண்ணு சொல்லிடுறேன். கிடைச்சு வர்றவங்களுக்கு இதுல பதிவானது எல்லாத்தையும் கேக்க உரிமை இருக்கு. யார் என்ன சொன்னாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். அப்புறம், அவங்க வேலையைப் பாதிக்கிற விஷயம்னா, கேட்டுட்டுக் கேக்காத மாதிரி என்னால இருக்க முடியாது. மேல எழுதித்தான் ஆகணும்."

அந்தப் பெண் அதை மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. அதனால்தான் இன்றுவரை அவளுக்கு ஒரு கரண்டி மாவு கூடுதலாக ஊற்றுகிறேன்.

உயிர் வேண்டுமா, மலை வேண்டுமா என்று நாகஜோதியைக் கேட்டிருந்தால் அவள் எதைச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அவளைக் கேட்கப்போவதில்லை என்று முடிவு செய்தேன்.

"அவளுக்குக் கண்ணு தெரியாது," என்றேன். "பாறையாவது ஒண்ணாவது. அவ பாதையப் பாத்து நடக்கல. காலடி மனப்பாடம். மண்ணு சரிஞ்ச எடத்துல மனப்பாடம் அறுந்துபோச்சு. கூட ஆளு கூட்டிக்கிட்டுப் போகாததும் இதுக்குத்தான்."

திரையில் பத்தாயிரம் நாகஜோதிகளும் சரிவுக்கு வந்து நின்றார்கள். தடவினார்கள். சோலையைத் தவிர்த்துப் புல் சரிவில் இறங்கினார்கள். பிறகு ஒரே ஓட்டமாக மேற்கே போனார்கள், மூடிக்கிடக்கிற பழைய தேயிலை எஸ்டேட்டைப் பார்த்து. அங்கிருந்து ஒரு பாதை எங்கள் மூன்றாவது வரிசை வீடுகளின் கொல்லைக்கு வருகிறது. பின்பக்கமாக வந்து உலை வைக்கிற பாதை.

மிருதுளா வயர்லெஸ்ஸை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

செல்வகணபதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "வாசல்ல நின்னு கையாட்டுவேன். பாத்துட்டுப் பேசாமப் போவா," என்றார். "எம்மேல வெறுப்பு வந்துருச்சுன்னு நெனச்சேன். ஒரு வருசமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

அவருக்கு ஆறுதல் சொல்ல வார்த்தை தேடினேன். எனக்கே வார்த்தை பஞ்சமான நாள் அது.

பழைய எஸ்டேட்டில் தேயிலை மரமாக வளர்ந்து காடாகிவிட்டது. அதற்குள் துருப்பிடித்த ஒரு கம்பத்தில் சாய்ந்து, கால் எலும்பு முறிந்து, உதடு நீலம் பாய்ந்து உட்கார்ந்திருந்தாளாம். பறக்கும் கருவி தலைக்கு மேலேயே வந்து, "நாகஜோதி, நாகஜோதி" என்று கத்தியிருக்கிறது. இவள் செடிக்கு அடியில் தலையை இழுத்துக்கொண்டிருக்கிறாள். இளம்பரிதி முன்னால் போய் நின்றதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஊருக்குத் தெரியுமாடா?"

"தெரியாதுக்கா," என்றானாம் அந்தப் புண்ணியவான்.

மழையும் அவளும் ஒரே நேரத்தில் கேட்டுக்கு வந்துசேர்ந்தார்கள். ஊர் மொத்தமும் நனைந்துகொண்டு நின்றது. தூக்குப்படுக்கையில் அவளைக் கொண்டுவந்தபோது அமலதாஸ் கத்தினார், "எங்க ஊரு எவளையும் மலைக்குக் குடுக்காதுடா!" எங்கள் ஊர் இளவட்டங்கள் விசில் அடித்தார்கள். காமாட்சி டீச்சர்கூட அடித்தார், சத்தியமாக. என்னை யாரும் கவனிக்கவில்லை. நான் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். நாகஜோதி படுத்த வாக்கில் கூட்டத்தைப் பார்த்தாள். அவளுக்கு நாங்கள் எல்லோரும் கலங்கலாகத்தான் தெரிந்திருப்போம்.

அதற்குப் பிறகு நடந்தது நான் எதிர்பார்த்ததுதான். கீழே ஆஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டு, கண்ணுக்குக் கண்ணாடி. வழிகாட்டிக் கார்டை வாங்கிக்கொண்டார்கள். பதிவைக் கேட்க வேண்டும் என்று அவளே சொல்லி, ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கேட்டாளாம். ஊர் பாடிய ஒப்பாரியைக் கேட்டுச் சிரித்திருக்கிறாள். அமலதாஸ் பேசியதை நர்ஸைக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லியிருக்கிறாள். நான் பேசியதை மட்டும் இரண்டு தடவை கேட்டாளாம். அதற்குச் சிரிக்கவில்லையாம்.

வீட்டுக்கு வந்தவள் என்னோடு பேசவில்லை. வாசலில் நாற்காலி போட்டு, கட்டுப்போட்ட காலை முக்காலியில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை என் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி கறுப்பு ஃபிரேம். அவள் முகத்துக்கு எடுப்பாகத்தான் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை.

"என்ன மதினி, இட்லிக்கு மாவு தரவா?" என்று ஒருநாள் நானாகக் கேட்டேன்.

உள்ளே பார்த்து, "ஏங்க, கீழ போறப்போ பாக்கெட் மாவு ஒண்ணு வாங்கியாங்க," என்றாள்.

பாக்கெட் மாவு! அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். ஊரில் எல்லோரும் என்னைக் கொஞ்சம் தள்ளியே வைத்திருந்தார்கள். என்னால்தான் நாகஜோதி கிடைத்தாள் என்று மெச்சினார்கள். ஆனால் வாளியைக் கொடுத்து மாவை வாங்கிக்கொண்டு உடனே கிளம்பினார்கள். தங்களைப் பற்றி எனக்கு என்னவெல்லாம் தெரியுமோ என்று அவர்களுக்குக் கவலை. நியாயமான கவலைதான். கடையில் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது.

அவள் மலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபோதெல்லாம் நான் செய்தது சரியா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கேட்டால் பதில் வந்தது. பெருமூச்சு விட அவள் இருக்கிறாளே.

ஒரு மத்தியானம் மிருதுளா மாவுக்கு வந்தாள். முகத்தில் குறும்பு இருந்தது.

"அக்கா, மேலிருந்து புது உத்தரவு. இனிமே ஆள் தொலையுற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், மலையடியில இருக்கிற எல்லாரைப் பத்தியும் முன்கூட்டியே பேசச் சொல்லிப் பதிஞ்சு வைக்கணுமாம். யாரைப் பத்தி யார் வேணும்னாலும் வந்து சொல்லலாம். ஊர்ல ஒருத்தர் வாயைத் திறக்கல."

"எப்படித் தொறப்பாக? எல்லாரும் தர்மராசா வம்சமாச்சே."

"ஒருத்தர் வந்தாங்க. உங்களைப் பத்திச் சொல்ல."

கரண்டி மாவுக்குள்ளேயே நின்றுவிட்டது. "யாரு?"

"பேர் சொல்லக் கூடாதுக்கா. மூணு நாளா வர்றாங்க. ஊன்றுகோலைச் சுவர்ல சாத்திட்டு உக்காந்தா எழுந்திருக்க மாட்டேங்கிறாங்க. இன்னும் முடியலையாம்."

எனக்கு எதிர்வீட்டுப் பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை. "என்ன சொன்னா?"

"அதுவும் சொல்லக் கூடாது. தொலைஞ்சு போய்க் கிடைச்சு வந்தா நீங்களே கேட்டுக்கலாம்."

"சரி, நல்லதா ஒரு வார்த்தையாச்சும் சொன்னாளா? அது மட்டும் சொல்லு தாயி."

மிருதுளா வாளியை மூடினாள். யோசித்தாள். விதியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்த்தாள் போல.

"இல்லக்கா," என்றாள். "ஒண்ணுகூட இல்ல. இத்தனை நேரம் பேசி, தப்பித்தவறி ஒரு நல்ல வார்த்தை வாயில வராம பாத்துக்கிட்ட ஆளை நான் இப்பத்தான் பாக்குறேன்."

அவள் போன பிறகு கையைக் கழுவினேன். கண்ணையும் கழுவிக்கொண்டேன். இந்தக் கேட்டடியில், ஏன், இந்த மலைத்தொடர் முழுக்கத் தேடினாலும், யாருக்கு வாய்த்திருக்கிறது இப்படி ஒரு மதினி?

எதிர்வீட்டு வாசலில் கறுப்பு ஃபிரேமுக்குப் பின்னால் இரண்டு கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நன்றாகப் பார்க்கட்டும் என்று கடைப் படியிறங்கி வெயிலில் போய் நின்றேன்.